கைவேலையும் கல்விதான்

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால், சூரியநெல்லி கடைவீதியில் நான்கு பேர் கூடும் இடத்திலெல்லாம் ஒரே பேச்சுத்தான். "பிள்ளையை எதில் சேர்க்கப் போகிறீர்கள்?" பதில்களும் நமக்கு மனப்பாடம். பையன் என்றால் இன்ஜினீயரிங், பெண் என்றால் நர்சிங், பணத்துக்கு வழியில்லை என்றால் பி.காம். இந்தப் படிப்புகளை நான் குறை சொல்லவில்லை. லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து நர்ஸாகி, தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பெண்கள் நம்மிடையே எத்தனையோ பேர். ஆனால், நம் பட்டியலில் இல்லாத படிப்பு ஒன்று உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது இயல்பாகவே பொருந்தும் என்பது என் எண்ணம். அதுதான் வடிவமைப்புக் கல்வி. அதைப் பற்றிப் பெற்றோர்களிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம், அந்தக் கல்லூரிகளை நடத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம். இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

வடிவமைப்பு என்றதும் சேலைக் கரையும் சினிமா போஸ்டரும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அது அவ்வளவு சின்ன விஷயம் அல்ல. மனிதன் செய்த எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இந்த அளவில், இந்தக் கனத்தில், இந்த இடத்தில் பிடியோடு இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுதான் வடிவமைப்பு. 1958-ம் ஆண்டு இந்திய அரசின் அழைப்பில் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அவர்கள் வியந்து எழுதிய பொருள் தாஜ்மகால் அல்ல, நம் வீட்டுச் சொம்பு! எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், இடுப்பில் வைத்தால் எப்படி, தலையில் வைத்தால் எப்படி, ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழும், விலை என்ன ஆகும் என்று அத்தனை கேள்விகளுக்கும் சேர்த்து விடை சொல்லும் பொருள் அது. தனி ஒருவர் உட்கார்ந்து செய்த வடிவம் அல்ல, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செதுக்கியது என்று அவர்கள் கண்டார்கள். அந்த அறிக்கையை அடியொற்றியே 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது.

மேசைக்கு மேசை நடக்கும் பாடம்

இந்தக் கல்லூரிகளில் பாடம் நடக்கும் இடத்துக்கு ஸ்டுடியோ என்று பெயர். நமக்கு ஸ்டுடியோ என்றால் போட்டோ எடுக்கும் கடைதான் ஞாபகம் வரும். இது வேறு. நம் தமிழில் பட்டறை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். சாதாரண வகுப்பில் ஆசிரியர் கரும்பலகை அருகில் நிற்பார், நாற்பது பிள்ளைகள் அவர் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். பட்டறையில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு மேசை. செய்ய வேண்டிய வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் மேசைக்கு மேசை நடந்து வருவார். மாணவர் வரைந்ததையும், அட்டையிலோ மரத்திலோ களிமண்ணிலோ செய்ததையும் பார்த்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்பார். சில வாரங்கள் கழித்து எல்லாரும் தங்கள் வேலையைச் சுவரில் மாட்டி, பலர் முன்னால் நின்று விளக்க வேண்டும். பார்க்கிறவர்கள் குறை நிறைகளை முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். திருத்திவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. ஸ்தபதியின் உளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிற்பம் கற்றவர்களும், தச்சரின் இழைப்புளிக்குப் பக்கத்தில் நின்று வேலை பழகியவர்களும் இப்படித்தான் கற்றார்கள். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டப் பழகுகிறவனுக்கும் யாரும் புத்தகம் கொடுப்பதில்லை. கத்தியைக் கையில் கொடுத்து, வெட்டிய செடியைப் பார்த்துத்தான் திட்டுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நம் முன்னோர் அனுபவித்துத்தான் சொன்னார்கள்.

ஆனால், பழைய பட்டறைக்கும் இன்றைய ஸ்டுடியோவுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. தச்சரிடம் தச்சு மட்டும் கற்கலாம். ஸ்டுடியோவில் பல துறைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 1919-ல் ஜெர்மனியின் வைமார் நகரில் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில், தறிக்கூடம், மரப்பட்டறை, உலோகப்பட்டறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆசான்கள் இருந்தார்கள். ஒருவர் ஓவியர் அல்லது கலைஞர், மற்றவர் கை தேர்ந்த தொழிலாளி. அழகு தெரிந்தவருக்கு மரத்தின் குணம் தெரியாது, மரம் தெரிந்தவருக்குப் புதிய வடிவம் தோன்றாமல் போகலாம் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் காரணம். உலகெங்கும் வடிவமைப்புக் கல்வி அந்த வழியைப் பார்த்தே வளர்ந்தது.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த ரவி மத்தாய், அந்தப் பதவியிலிருந்து விலகிய பிறகு, 1975-ல் ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்து ஜவாஜாவுக்குப் போனார். வறண்ட பூமி. அங்கே தோல் வேலை செய்கிறவர்களும் நெசவாளர்களும் இருந்தார்கள். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தாரும் அவரோடு கைகோத்தார்கள். கணக்கும் சந்தையும் தெரிந்தவர்கள் ஒருபுறம், வடிவம் தெரிந்தவர்கள் ஒருபுறம், தோலும் நூலும் தெரிந்தவர்கள் ஒருபுறம். வெளியே விற்கக்கூடிய பைகளும் விரிப்புகளும் அங்கே உருவாயின. அதைவிடப் பெரிய விஷயம், வந்தவர்கள் ஒருநாள் போய்விடுவார்கள், வேலையை நாமே நடத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்தத் தொழிலாளர்களைத் தயார் செய்தது.

நம்மவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். இன்று நாம் கையில் வாங்கும் ரூபாய் நோட்டில் உள்ள குறியை வரைந்தவர் த. உதயகுமார் என்ற தமிழர். 2010 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றது. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர், பிறகு மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புத் துறையில் சேர்ந்து, தமிழ் எழுத்துருக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். கட்டடம் கட்டப் படித்தவர் எழுத்தின் வளைவை ஆராய்ந்து, கடைசியில் நாட்டின் நாணயத்துக்கே குறியீடு தந்தார். ஒரு துறையின் வேலியைத் தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மூணாறில் ஒரு சாயப்பட்டறை

அகமதாபாத்துக்கும் மும்பைக்கும் போக முடியாதவர்கள், சூரியநெல்லியிலிருந்து சின்னக்கானல், தேவிகுளம் வழியாக மூணாறுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 1991-ல் டாடா டீ நிறுவனத்தின் ஆதரவில் சிருஷ்டி என்ற நல மையம் தொடங்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் உடல் குறையோ மூளை வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்கான இடம் அது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகள் லயத்து வாசலில் உட்கார்ந்தே வயதாகிப் போனார்கள். தாயும் தகப்பனும் மஸ்டருக்குப் போன பிறகு அவர்களைப் பார்க்கவும் ஆளிருக்காது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலை செய்யும் பிரிவுகளில் ஒன்று ஆரண்யா. இயற்கைச் சாயமிடும் பட்டறை. கையால் காகிதம் செய்யும் அதுல்யா என்ற பிரிவும் உண்டு.

ஆரண்யாவில் துணிக்கு நிறம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? தேயிலைத் தொழிற்சாலையின் கழிவிலிருந்து, விறகுக்காக வளர்த்த யூக்கலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து, வழியோரத்தில் தானாக முளைக்கும் யூபடோரியம் என்ற களைச்செடியிலிருந்து, கடுக்காயிலிருந்து, மாதுளைத் தோலிலிருந்து. நாம் நாள்தோறும் மிதித்துக்கொண்டு போகிற இலை அங்கே பட்டுத் துணியில் நிறமாகிறது. துணியை மடித்து, கட்டி, தைத்து, கட்டைகளுக்கு நடுவே இறுக்கிச் சாயத்தில் முக்கும் ஷிபோரி என்ற ஜப்பானிய முறையையும் கையாளுகிறார்கள்.

அந்த ஒரு துணிக்குப் பின்னால் எத்தனை அறிவு சேர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எந்தச் செடியில் எந்தப் பருவத்தில் நிறம் இருக்கும் என்பது தாவர இயல். படிகாரத்தைச் சேர்த்தால் ஒரு நிறம், இரும்பைச் சேர்த்தால் வேறு நிறம் என்பது வேதியியல். கண்ணுக்கு எது அழகு, எது விற்கும் என்பது வடிவமைப்பும் வியாபாரமும். இவற்றுக்கெல்லாம் மேலே, ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, காது கேளாத பெண்ணும் மெதுவாகக் கற்கும் பையனும் தங்கள் பங்கைத் தாமே செய்யும்படி அமைப்பது இருக்கிறதே, அது சிறப்புக் கல்வி ஆசிரியரின் வித்தை. இதில் ஒருவர் குறைந்தாலும் அந்தத் துணி இல்லை.

ஆரண்யா ஒரு கல்லூரி அல்ல. பட்டம் தருவதில்லை. ஆனால், வடிவமைப்புக் கல்லூரிகள் தங்கள் விளக்கக் கையேடுகளில் பெரிய எழுத்தில் அச்சிடும் "பல்துறை ஒத்துழைப்பு" அங்கே அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வடிவமைப்பாளர்கள் அங்கே வந்து சாயம் பயின்று போகிறார்கள். நம் லயத்துப் பிள்ளைகள் அங்கே ஆசான்கள்! இதை நாம் பெருமையாகப் பேசியிருக்கிறோமா?

காலியாகக் கிடக்கும் நாற்காலி

இனி, கல்லூரிக்காரர்களிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் மேசையைச் சுற்றி எல்லாத் துறையினரும் இருக்கிறார்கள். ஆனால், ஒரு நாற்காலி மட்டும் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. அது அந்தப் பொருளை நாள்தோறும் பயன்படுத்தப் போகிறவருடைய நாற்காலி.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து கட்டடக்கலை மாணவர்கள் எங்கள் பக்கத்து லயங்களை அளக்க வந்தார்கள். நல்ல பிள்ளைகள். மூன்று நாள் நாடா பிடித்து அளந்து, புதிய தொழிலாளர் வீட்டுக்கான படங்களைச் சமுதாயக்கூடத்தின் சுவரில் ஒட்டி விளக்கினார்கள். படம் பார்க்க அவ்வளவு அழகு. ஓய்வு பெற்ற தொழிலாளியான ஒரு பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, அடுப்படிக் கதவை மேற்க வச்சிருக்கீங்க? ஆனி ஆடியில சாரக்காத்து அந்தப் பக்கந்தானே அடிக்கும், அடுப்பு எப்படி எரியும்? நனைஞ்ச வெறக எங்க காய வப்பேன்?" என்று கேட்டார். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களோடு வந்த ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். பாட்டிக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, எல்லாப் படங்களையும் அவர் முன்னால் மறுபடி விளக்கச் சொன்னார். மூன்று நாள் அளந்ததில் கிடைக்காதது அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

அந்தப் பாட்டி முதல் நாளே அந்த மேசையில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். வடகேரளம் முதல் திருவனந்தபுரம் வரை பெயர் பெற்ற லாரி பேக்கரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவரும் டாக்டரான அவர் மனைவி எலிசபெத்தும் அறுபதுகளில் நம் இடுக்கி மலையின் வாகமண்ணில் பல ஆண்டு வாழ்ந்து மருத்துவமனை நடத்தினார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வீடுகள் பலவும் கட்டும் இடத்திலேயே, கொத்தனாரோடு பேசிப் பேசி உருவானவை. அவருக்கு ஸ்டுடியோ என்பது செங்கல் அடுக்கியிருந்த மனைதான்.

நம் தோட்டத்துப் பெண்களின் கைகளைப் பாருங்கள். முன்பு கொழுந்தை விரலால் கிள்ளினார்கள். இப்போது பல இடங்களில் கத்தரிதான். நாள் முழுவதும் அதை வீசி வெட்டினால் தோளும் மணிக்கட்டும் என்ன ஆகும் என்பதை அவர்களிடம் கேட்டால் தெரியும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடியில் சுற்றிக்கொள்ளும் அக்காமார்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்காத அந்தத் திருத்தமும் வடிவமைப்புத்தான். கத்தரியைச் செய்கிறவர், எலும்பு மருத்துவர், கொழுந்தெடுக்கும் பெண், ஒரு மாணவர் ஆகிய நால்வரும் ஒரு மாதம் ஒன்றாக உட்கார்ந்தால் அந்தக் கத்தரி இப்படியே இருக்குமா?

இது வசதிக்காக மட்டும் சொல்வது அல்ல. உயிர் சம்பந்தப்பட்டதும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. கயத்தாறுப் பக்கம் வேர் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் அதில் பல. மழையை யாரும் நிறுத்த முடியாது. ஆனால், மலைச்சரிவில் மனிதர் குடியிருக்கும் வீட்டை எந்த இடத்தில் வைப்பது என்பது வடிவமைப்பின் முதல் கேள்வி. அதற்கு மண்ணியல் அறிஞரின் வரைபடம் வேண்டும், கட்டடக்காரரின் கணக்கு வேண்டும். கூடவே, எந்த ஓடை எந்த ஆண்டு வழி மாறியது, எங்கே மண் ஊறும், யானை எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரிந்த முதியவரின் நினைவும் வேண்டும். இவர்கள் தனித்தனி அறைகளில் இருக்கும்வரை நம் வீடுகள் பத்திரமாக இருக்காது.

பெற்றோரின் கேள்விகள்

"எல்லாம் சரி, வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கார் கம்பெனி, கைப்பேசிச் செயலி, மருத்துவக் கருவி, பொம்மை, பாடப்புத்தகம், துணி என்று எல்லாத் தொழிலுக்கும் வடிவமைப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். இன்ஜினீயரிங் போல எல்லாருக்கும் இடம் உண்டு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். கல்லூரிகள் குறைவு, போட்டி அதிகம், தனியார் கல்லூரிகளில் கட்டணமும் அதிகம். அதனால் அரசு நிறுவனங்களை முதலில் குறி வையுங்கள். ஐ.ஐ.டி.களின் வடிவமைப்புப் பட்டத்துக்கான யூசீட் தேர்வு 2015 முதல் நடக்கிறது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் அதை எழுதலாம். படம் வரையும் பகுதியும் அதில் உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனித் தேர்வு. நம் மாநிலத்திலேயே கொல்லம் சந்தனத்தோப்பில் கேரள மாநில வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. அதைத் தொடங்கியது தொழிலாளர் துறை என்பதைக் கவனியுங்கள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே போகாமல் வேறு யார் போவது?

"தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் எப்படி விளக்கும்?" என்பது அடுத்த கேள்வி. தேவிகுளம் தாலுகாவில் தமிழ் வழிப் பள்ளியில் படித்து, மலையாளத்தில் பேசி, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதும் நம் பிள்ளைகளின் பாடு எனக்குத் தெரியும். ஆனால், மற்றப் படிப்புகளைவிடப் பட்டறையில் இந்தக் கஷ்டம் குறைவு. செய்து வைத்த பொருள் முதலில் பேசும், வாய் அப்புறம்தான் பேசும். எனினும், மாணவர்கள் தங்கள் தாய்மொழியில் விளக்க இடம் கொடுங்கள் என்று கல்லூரிகளை நாம் கேட்டே ஆக வேண்டும். தொழிலாளியை மேசைக்கு அழைக்கிறவர்கள் அவர் மொழியையும் அழைக்கத்தானே வேண்டும்?

மூன்றாவது ஒன்று, யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால், எல்லார் மனத்திலும் இருக்கிறது. "நான்தான் கையால் உழைத்துத் தேய்ந்தேன், என் பிள்ளையும் கைவேலை செய்ய வேண்டுமா?" போடிமெட்டு வழியாக மலையேறி வந்த நம் தாத்தா பாட்டிகள் முதல் இன்றுவரை, கைவேலை நமக்கு அவமானத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. கங்காணி திட்டினான், சம்பளம் குறைந்தது, ஓய்வு பெற்றதும் வீட்டையே காலி செய்யச் சொன்னார்கள். அதனால் பிள்ளை நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால், நம்மைத் தாழ்த்தியது கைவேலை அல்ல. வேலை செய்யும் கைக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் போனதுதான் நம்மைத் தாழ்த்தியது. வடிவமைப்புக் கல்வி அந்தக் கைக்கே உரிமையைத் திருப்பித் தரக்கூடியது. கத்தரியைப் பிடித்த தாயின் மகள், கத்தரி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் உட்காரலாம்.

நம் சங்கத்தார் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். கோடை விடுமுறையில் நடத்தும் தமிழ் வகுப்போடு, வரைதலும் பொருள் செய்தலும் கற்றுத்தரும் ஒரு வாரப் பட்டறையைச் சேருங்கள். ஓவிய ஆசிரியரோடு நம் ஊர்த் தச்சரையும், தையற்காரரையும், தேயிலை ஃபேக்டரி ஃபிட்டரையும் அழைத்து, மரியாதையும் சம்பளமும் கொடுத்துக் கற்பிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளை மூணாறு சாயப்பட்டறைக்கு அழைத்துப் போங்கள். நுழைவுத் தேர்வு எழுத விரும்பும் பிள்ளைக்கு விண்ணப்பக் கட்டணத்தையும் பயணச் செலவையும் சங்கம் ஏற்றுக்கொள்ளட்டும். கல்லூரியிலிருந்து யாராவது நம் மலைக்கு அளவெடுக்க வந்தால், டீ கொடுத்து உபசரிப்பதோடு நிறுத்தாதீர்கள். "படம் முடிந்ததும் எங்கள் முன்னால் மாட்டி விளக்க வேண்டும்" என்று கேளுங்கள். அன்று நம் பாட்டிமார்களும் அக்காமார்களும் முன் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும்.